அவர் என்ன சொன்னார்? ஆங்கில அயற்கூற்றில் காலம் மாறுவது பற்றிய கேள்விகளும் பதில்களும்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், கிழக்கு மாகாணத்தில் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் ஆங்கில வகுப்பில் திணறுகிறவர்கள், பிரதேச செயலகத்திலோ தொண்டு நிறுவனத்திலோ ஆங்கிலத்தில் அறிக்கை எழுத நேர்ந்தவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் மாறிமாறிக் கேட்பவை இவை. ஒருவர் சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே தராமல் நம் வாக்கியமாக்கிச் சொல்வதுதான் அயற்கூற்று. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டு வாசியுங்கள், காது பழகட்டும். ‘வேர்’ என்று எழுதியிருப்பது ‘வொஸ்’ என்பதன் பன்மை; ‘வெயார்’ என்று எழுதியிருப்பது ‘எங்கே’ என்னும் கேள்விச்சொல்.

தமிழில் ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது காலத்தை மாற்றுவதில்லையே. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் மாற்றவேண்டும்?

மற்ற எல்லாக் கேள்விக்கும் இதுதான் வேர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

காலையில் போனில் மாமி “சமைக்கிறேன்” என்கிறார். இரவு அதை நீங்கள் அம்மாவிடம் சொல்கிறீர்கள்: “மாமி சமைக்கிறேன் என்று சொன்னா.” மாமி சொன்னதும் முடிந்துவிட்டது, சமையலும் முடிந்துவிட்டது. ஆனாலும் ‘சமைக்கிறேன்’ நிகழ்காலத்திலேயே நிற்கிறது. ‘என்று’ மாமியின் வாக்கியத்தைக் குலைக்காமல் தூக்கிவந்து வைத்துவிடுகிறது. பத்திரிகைகளில் ‘வருவதாகத் தெரிவித்தார்’, ‘வந்ததாகத் தெரிவித்தார்’ என்று எழுதுகிறார்களே, அங்கும் வந்தாரா வரப்போகிறாரா என்பது சொன்னவர் பேசிய நேரத்தை வைத்தே கணிக்கப்படுகிறது. அம்பாறையில் சிங்களம் பேசும் அயலவர்களோடு பழகியவர்களுக்கு அவர்களுடைய ‘கியலா’வும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று தெரிந்திருக்கும்.

ஆங்கிலம் வேறு இடத்தில் நின்று பார்க்கிறது. அறிவிக்கிறவர் தாம் நிற்கும் நேரத்திலிருந்தே எல்லாவற்றையும் அளக்கிறார். மாமி சொன்னது அவருக்கு இறந்தகாலம். அந்த நேரத்தில் அடுப்பில் இருந்த சோறும் இறந்தகாலம். ஆகவே “ஆன்டி செட் தட் ஷீ வொஸ் குக்கிங்.” ‘இஸ்’ போய் ‘வொஸ்’ வந்ததற்கு வேறு மாயம் எதுவும் இல்லை. முதன்மை வினை இறந்தகாலத்துக்குப் போனால் அதைச் சார்ந்த வினையும் கூடவே போகும். இதைத்தான் இலக்கணக்காரர்கள் கால இயைபு என்கிறார்கள். இலத்தீன் இலக்கணத்திலிருந்து ஆங்கில ஆசிரியர்கள் எடுத்துக்கொண்ட பெயர் அது.

நம் பிள்ளைகள் “ஷீ செட் தட் ஷீ இஸ் குக்கிங்” என்று எழுதுவது கவனக்குறைவால் அல்ல. தாய்மொழியின் முறையை அப்படியே பின்பற்றுகிறார்கள். பிரம்பைத் தூக்குவதற்கு முன் ஆசிரியர்கள் இதை நினைத்துக்கொண்டால் நல்லது.

சரி, எந்தக் காலம் எந்தக் காலமாக மாறும்?

எல்லாம் ஒரு படி பின்னே போகும். ‘இஸ்’, ‘ஆம்’ என்பவை ‘வொஸ்’ ஆகும். ‘ஆர்’ ‘வேர்’ ஆகும். “ஐ வேர்க் இன் காத்தான்குடி” என்று ஒருவர் சொன்னால் “ஹீ செட் தட் ஹீ வேர்க்ட் இன் காத்தான்குடி.” “ஐ ஹாவ் ஃபினிஷ்ட்” என்றால் “ஹீ ஹாட் ஃபினிஷ்ட்.” “ஐ ஃபினிஷ்ட்” என்று அவர் சொல்லியிருந்தாலும் அதே “ஹீ ஹாட் ஃபினிஷ்ட்”தான். ஏற்கெனவே ‘ஹாட்’ இருந்தால் அதற்குப் பின்னே போக இடமில்லை, அப்படியே நிற்கும். எதிர்காலம் குறிக்கும் ‘வில்’ ‘வூட்’ ஆகும்.

வகுப்பறைச் சுவரில் பன்னிரண்டு கட்டங்கள் போட்டுத் தொங்கும் அட்டவணையின் சாரம் இவ்வளவுதான். அதை மனப்பாடம் செய்தே ஆகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அட்டவணையை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளையும், கேள்வி கொஞ்சம் வளைந்து வந்தால் தடுமாறிப்போகும்.

‘ஹாட் ஹாட்’ என்று இரண்டு தடவை வருவது பிழையா?

பிழை இல்லை. “ஐ ஹாவ் ஃபீவர்” என்று தங்கை சொன்னால் “ஷீ செட் தட் ஷீ ஹாட் ஃபீவர்.” அதாவது, சொன்னபோது காய்ச்சல் இருந்தது. “ஐ ஹாட் ஃபீவர்” என்று சொல்லியிருந்தால், சொன்னபோது காய்ச்சல் விட்டுவிட்டது. அதை “ஷீ செட் தட் ஷீ ஹாட் ஹாட் ஃபீவர்” என்று எழுதவேண்டும். முதல் ‘ஹாட்’ துணைவினை, இரண்டாவது ‘இருந்தது’ என்னும் பொருள் தரும் வினை. தமிழில் ‘காய்ச்சல் இருக்கிறது என்றாள்’, ‘காய்ச்சல் இருந்தது என்றாள்’ என்று நாம் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலம் இப்படித்தான் காட்டுகிறது.

இறந்தகாலத்தில் சொன்ன எதையும் ‘ஹாட்’ போட்டுத்தான் எழுதவேண்டுமா?

வேண்டியதில்லை. தேவையில்லாத இடத்தில் ‘ஹாட்’டைத் திணிப்பதுதான் கொஞ்சம் படித்தவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை.

1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியைப் பற்றி ஆசிரியர் வகுப்பில் சொல்கிறார்: “த சைக்ளோன் ஹிட் பட்டிக்கலோ இன் 1978.” இதை “த டீச்சர் செட் தட் த சைக்ளோன் ஹிட் பட்டிக்கலோ இன் 1978” என்றே எழுதலாம். ‘ஹாட் ஹிட்’ வேண்டாம். ஆண்டு அங்கேயே நிற்கிறது. எது முன், எது பின் என்று வாசகர் குழம்ப வழியில்லை. சுவாமி விபுலானந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தார் என்று ஒருவர் சொன்னதை அறிவிக்கும்போதும் “வொஸ் போர்ன் இன் காரைதீவு இன் 1892” என்றே விடலாம். வரலாற்றுச் செய்தி, ஆண்டு குறித்த செய்தி ஆகியவற்றுக்கு ‘ஹாட்’ ஒரு சுமை.

‘ஹாட்’ கட்டாயம் தேவைப்படும் இடமும் உண்டு. இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது என்பதில் விஷயம் இருந்தால் அதை விடக்கூடாது. சம்மாந்துறை வட்டை ஒன்றுக்கு, அதாவது வயல்வெளிக்கு, போன கள உத்தியோகத்தர் எழுதுகிறார்: “த ஃபாமர்ஸ் செட் தட் தே ஹாட் லொஸ்ட் த குரொப்.” அவர் போவதற்கு முன்னரே வேளாண்மை அழிந்துவிட்டது என்று பொருள். இங்கே ‘வேர் லூசிங்’ என்று எழுதினால், அவர் போன நேரத்தில் அழிந்துகொண்டிருந்தது என்றாகிவிடும். இழப்பீடு தருகிறவர் வாசிக்கும் அறிக்கையில் இது சின்ன வேறுபாடு அல்ல.

இன்னொன்று: ‘வென்’, ‘சின்ஸ்’ போன்ற சொற்களால் தொடங்கும் துணை வாக்கியத்தில் உள்ள இறந்தகாலம் பெரும்பாலும் அசையாது. “ஷீ செட் தட் ஷீ ஹாட் லேர்ண்ட் சிங்களா வென் ஷீ லிவ்ட் இன் அம்பாறை.” ‘லேர்ண்ட்’ பின்னே போனது, ‘லிவ்ட்’ நின்ற இடத்திலேயே நின்றது. எல்லாவற்றையும் பின்னே தள்ளினால் வாக்கியம் இழுபடும்.

அவர் சொன்னது இன்னும் உண்மையாகவே இருக்கிறது. அப்போதும் மாற்றவேண்டுமா?

மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். எதைத் தேர்ந்தாலும் கேட்பவருக்கு ஒரு செய்தி போகிறது. அது என்ன செய்தி என்று தெரிந்து தேர்ந்தால் போதும்.

மாரி மழைக்கு கிரான் புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் பாய்வது நமக்குப் பழக்கமானது. சாரதி ஒருவர் உங்களுக்குச் சொல்கிறார், வீதி தண்ணீருக்குள் இருக்கிறது என்று. அரைமணி நேரத்தில் அந்த வழியே புறப்படும் நண்பரிடம் “த டிரைவர் செட் தட் த ரோட் இஸ் அண்டர் வோட்டர்” என்கிறீர்கள். ‘இஸ்’ என்றதால், இப்போதும் அப்படித்தான், போகாதே என்று நீங்களும் சேர்ந்து சொல்கிறீர்கள். சாரதியின் சொல்லுக்கு உங்கள் சாட்சியும் கூடிவிடுகிறது. “வொஸ் அண்டர் வோட்டர்” என்றிருந்தால் சாரதி சொன்னதை மட்டும் ஒப்புவிக்கிறீர்கள். இப்போதைய நிலைக்கு நீங்கள் பொறுப்பில்லை. அடுத்த சித்திரையில் இதே கதையைச் சொன்னால் ‘வொஸ்’ மட்டுமே சரி. வற்றிக் காய்ந்த வீதியைப் பற்றி ‘இஸ் அண்டர் வோட்டர்’ என்றால் யாரும் சிரிப்பார்கள்.

ஒருவர் சொன்னதில் உங்களுக்கு நம்பிக்கை இல்லாதபோதும் பின்னே தள்ளுவதே பொருத்தம். “ஹீ செட் தட் ஹீ வொஸ் எ டொக்டர்” என்பதில் அவர் டொக்டர்தானா என்ற சந்தேகத்துக்குக் கதவு திறந்திருக்கிறது. ‘இஸ்’ போட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்திக்கொள்ளும்.

எக்காலத்துக்கும் பொருந்தும் உண்மைகள், அதாவது பூமி சூரியனைச் சுற்றுகிறது, கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது என்பன போன்றவை, வழக்கமாக நிகழ்காலத்திலேயே விடப்படும். மாற்றினாலும் ஆங்கிலேயர் யாரும் பிழை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பரீட்சையில் ‘பொது உண்மை மாறாது’ என்ற விதியைச் சோதிக்கவே அந்த வாக்கியத்தைக் கொடுத்திருப்பார்கள், அங்கே மாற்றாதீர்கள். மற்ற எல்லா வாக்கியங்களிலும் பரீட்சைத்தாளில் பின்னே தள்ளுவதே பாதுகாப்பு. வெள்ளமும் சாட்சியும் பற்றி மேலே சொன்னவை வாழ்க்கைக்கு.

‘செட்’ என்பதற்குப் பதிலாக ‘செய்ஸ்’ வந்தால்?

எதையும் மாற்றவேண்டாம். “அம்மா செய்ஸ் தட் ஷீ இஸ் டயர்ட்.” ‘வில் சே’ வந்தாலும் மாற்றமில்லை. ‘ஹாஸ் செட்’ வந்தாலும் பெரும்பாலும் இல்லை. நான், நீ என்ற பெயர்ச்சொற்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘வில்’ தவிர்ந்த மற்றத் துணைவினைகள்?

‘கான்’ ‘குட்’ ஆகும். ‘மே’ ‘மைட்’ ஆகும். அனுமதி கேட்கும் ‘மே’ என்றால் ‘குட்’ பொருத்தம். ‘குட்’, ‘வூட்’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘ஓட் டு’ ஆகியவை ஏற்கெனவே பின்னே நிற்பவை, அசையமாட்டா. “யூ ஷுட் சீ எ டொக்டர்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் “ஷீ செட் தட் ஐ ஷுட் சீ எ டொக்டர்.”

‘மஸ்ட்’தான் வில்லங்கம் பிடித்தது. கடமையைச் சொன்னால் ‘ஹாட் டு’ ஆகலாம்: “ஐ மஸ்ட் கோ” என்றவர் “செட் தட் ஹீ ஹாட் டு கோ.” ஊகத்தைச் சொன்னால் ‘மஸ்ட்’ மாறாது: “யூ மஸ்ட் பி ஹங்ரி” என்ற ஆச்சி “செட் தட் ஐ மஸ்ட் பி ஹங்ரி.” இங்கே ‘ஹாட் டு பி ஹங்ரி’ என்று எழுதினால், நீங்கள் பசித்திருக்கவேண்டும் என்று ஆச்சி கட்டளை போட்டதாகிவிடும். எந்த ஆச்சியும் அப்படிச் சொன்னதில்லை.

“ஷால் ஐ ஓபன் த விண்டோ?” என்பதில் உள்ள ‘ஷால்’ உதவிக்கு முன்வருவது. அது ‘ஷுட்’ ஆகும்: “ஷீ ஆஸ்க்ட் இஃப் ஷீ ஷுட் ஓபன் த விண்டோ.”

‘ஹீ டோல்ட் தட்’ என்று எழுதினால் ஆசிரியர் வெட்டுகிறார். ஏன்?

‘டோல்ட்’டுக்குப் பின் யாரிடம் சொன்னார் என்று ஓர் ஆள் வரவேண்டும். “ஹீ டோல்ட் மீ தட்” சரி, “ஹீ டோல்ட் தட்” பிழை. ‘செட்’டுக்கு ஆள் தேவையில்லை, ஆள் வந்தால் இடையில் ‘டு’ வரும். ‘எக்ஸ்ப்ளெயிண்ட்’ என்பதும் ‘செட்’டின் பக்கம்தான்: “எக்ஸ்ப்ளெயிண்ட் டு மீ.” நம் பக்கத்தில் படித்தவர்கள்கூட “எக்ஸ்ப்ளெயிண்ட் மீ” என்று எழுதுகிறார்கள்.

‘தட்’டைக் கைவிடலாமா என்றும் கேட்பார்கள். பேச்சில் தாராளமாக விடலாம், எழுத்தில் இருப்பது தெளிவு.

கேள்விகளை எப்படி மாற்றுவது? இதில்தான் புள்ளி போகிறது.

புள்ளி போவது காலத்தால் குறைவு, சொல் ஒழுங்கால் அதிகம். ஆங்கிலக் கேள்வியில் துணைவினை எழுவாய்க்கு முன்னே பாய்ந்து வரும். அயற்கூற்றில் அது பழைய இடத்துக்குத் திரும்பிவிடவேண்டும்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் “வெயார் ஆர் யூ கோயிங்?” என்று கேட்டார். வீட்டில் சொல்லும்போது “ஹீ ஆஸ்க்ட் மீ வெயார் ஐ வொஸ் கோயிங்.” நம்மவர்கள் எழுதுவது “வெயார் வொஸ் ஐ கோயிங்.” காலம் சரி, ஒழுங்கு பிழை. தமிழில் ‘எங்கே போகிறாய் என்று கேட்டார்’ என்று கேள்வியை உடைக்காமல் உள்ளே வைக்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கம்தான் இங்கும் கைகொடுக்க வந்து காலை வாருகிறது. அதே பழக்கத்தால் ‘என்று’ என்பதற்கு ஈடாக ‘தட்’ போட்டு “ஆஸ்க்ட் மீ தட் வெயார்” என்றும் எழுதுவார்கள். கேள்விச்சொல் இருந்தால் ‘தட்’டுக்கு வேலை இல்லை. கேள்விக்குறியும் வேண்டாம், முற்றுப்புள்ளியே போதும்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு ‘இஃப்’ அல்லது ‘வெதர்’. “டூ யூ லிவ் இன் கல்முனை?” என்பது “ஹீ ஆஸ்க்ட் மீ இஃப் ஐ லிவ்ட் இன் கல்முனை” ஆகும். ‘டூ’ மறைந்துபோகும், அதன் காலம் ‘லிவ்’ மேல் ஏறும். ‘டிட்’ வந்த கேள்வியில் ‘ஹாட்’ ஏறும்: “டிட் யூ சீ த பிரிட்ஜ்?” என்று கேட்டவர் “ஆஸ்க்ட் மீ இஃப் ஐ ஹாட் சீன் த பிரிட்ஜ்.” ‘யார்’ என்பதே எழுவாயாக இருக்கும் கேள்வியில் ஒழுங்கு மாறத் தேவையே இல்லை: “ஹூ டுக் த கீ?” என்பது “ஷீ ஆஸ்க்ட் ஹூ ஹாட் டேக்கன் த கீ.”

ஒரு சுவையான சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தில் “வென் டஸ் த ட்ரெயின் லீவ்?” என்று விசாரிக்கிறீர்கள். அதை விதிப்படி “ஐ ஆஸ்க்ட் வென் த ட்ரெயின் லெஃப்ட்” என்று மாற்றினால், ரெயில் போய்விட்டது, எப்போது போனது என்று கேட்டதாகவும் காதில் விழும். நேர அட்டவணை இன்றும் அதுவே என்பதால் “வென் த ட்ரெயின் லீவ்ஸ்” என்று விடுவதே நல்லது. விதி பொருளைக் கெடுத்தால் விதியை ஒதுக்கிவைக்கலாம். ஆங்கிலேயரும் அதையே செய்கிறார்கள்.

கட்டளையும் வேண்டுகோளும்?

‘டு’ போட்டால் முடிந்தது. “கம் ஏர்லி” என்பது “ஷீ டோல்ட் மீ டு கம் ஏர்லி.” ‘ப்ளீஸ்’ வந்தால் ‘டோல்ட்’டுக்குப் பதில் ‘ஆஸ்க்ட்’ போட்டுவிட்டு ‘ப்ளீஸ்’ஸை எடுத்துவிடுங்கள். “டோன்ட் ஸ்விம் ஹியர்” என்பது “ஹீ டோல்ட் அஸ் நொட் டு ஸ்விம் தெயார்.” ‘டு நொட்’ என்பதைவிட ‘நொட் டு’ இயல்பானது. ‘டு டோன்ட்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

இன்று, நாளை, இங்கே என்பவற்றை எப்போது மாற்றுவது?

பாடப்புத்தகம் சொல்லும்: ‘டுடே’ ‘தட் டே’ ஆகும், ‘டுமொரோ’ ‘த நெக்ஸ்ட் டே’ ஆகும், ‘யெஸ்டர்டே’ ‘த டே பிஃபோர்’ ஆகும், ‘அகோ’ ‘பிஃபோர்’ ஆகும், ‘ஹியர்’ ‘தெயார்’ ஆகும். புத்தகத்தில் நாளும் இடமும் கொடுக்கப்படாததால் இந்தப் பட்டியல் அங்கே செல்லும். உண்மையில் பேசும்போது நாட்காட்டியைப் பாருங்கள்.

மேசன் காலையில் “ஐ வில் கம் டுமொரோ” என்கிறார். அன்று மாலையே மனைவியிடம் சொன்னால் நாளை இன்னும் நாளைதான்: “ஹீ செட் ஹீ வூட் கம் டுமொரோ.” மறுநாள் சொன்னால் அந்த நாளை இன்றாகிவிட்டது: “ஹீ செட் ஹீ வூட் கம் டுடே.” ஒரு கிழமை கழித்து, மேசனும் வராமல் மணலும் வராமல் இருக்கும்போது சொன்னால் “த நெக்ஸ்ட் டே.” வாக்கியம் ஒன்றுதான், சொல்லும் நாளுக்கு ஏற்ப நாட்சொல் மாறுகிறது. இடமும் அப்படியே. கல்லடியில் சொன்னதைக் கல்லடியிலேயே நின்று அறிவித்தால் ‘ஹியர்’ ஏன் ‘தெயார்’ ஆகவேண்டும்?

நான், நீ, அவர் குழப்பத்துக்கு என்ன வழி?

சொன்னவர் யார், கேட்டவர் யார், இப்போது அறிவிப்பவர் யார் என்று மூன்று பேரையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். “மை சன் நீட்ஸ் யோர் ஹெல்ப்” என்று மாமா உங்களிடம் சொன்னால் “அங்கிள் செட் தட் ஹிஸ் சன் நீடட் மை ஹெல்ப்.” மாமாவின் ‘மை’ அவருக்குரியது, ஆகவே ‘ஹிஸ்’, ‘யோர்’ உங்களுக்குரியது, ஆகவே ‘மை’. தமிழில் ‘நான் வருகிறேன் என்று மாமா சொன்னார்’ என்றால் வருகிறவர் மாமா. ஆங்கிலத்தில் “அங்கிள் செட் தட் ஐ வொஸ் கமிங்” என்றால் வருகிறவர் நீங்கள். கல்யாண வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்ற கணக்கே மாறிப்போகும்.

‘இஃப்’ வாக்கியங்களில் எது மாறும்?

நடக்கக்கூடிய நிபந்தனை மாறும்: “இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் ஸ்டே” என்பது “ஹீ செட் தட் இஃப் இட் ரெயின்ட், ஹீ வூட் ஸ்டே.” கற்பனை நிபந்தனை மாறாது: “இஃப் ஐ ஹாட் மணி, ஐ வூட் பை எ டிராக்டர்” என்பதில் ‘ஐ’ மட்டும் ‘ஹீ’ ஆகும். முடிந்துபோனதைப் பற்றிய கற்பனையும் மாறாது.

‘செட்’, ‘ஆஸ்க்ட்’ எதுவும் இல்லாத வாக்கியத்திலும் இது வருமா?

வரும். அன்றாடப் பேச்சில் இந்த வகைதான் அதிகம் புழங்குகிறது. வகுப்பிலோ இதை யாரும் தொடுவதில்லை. நினைத்தேன், தெரியாது, மறந்துவிட்டேன், நம்பினேன் என்பன போன்ற வினைகள் எல்லாம் இறந்தகாலத்தில் வந்தால் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும்.

கொழும்பில் இருப்பதாக நினைத்த நண்பனைத் திடீரென்று களுவாஞ்சிகுடிச் சந்தையில் காண்கிறீர்கள். தமிழில் ‘நீ கொழும்பில் இருக்கிறாய் என்றல்லவா நினைத்தேன்!’ ஆங்கிலத்தில் “ஐ தோட் யூ வேர் இன் கொழும்பு!” இங்கே ‘ஆர்’ போட்டால் கண்முன்னே நிற்பவனைக் கொழும்பில் இருப்பதாகச் சொன்னதாகிவிடும். அதேபோல “ஐ டிட்ன்ட் நோ யூ வேர் மாரிட்.” கேட்பவர் இப்போதும் திருமணமானவர்தான், ‘வேர்’ என்றதால் மணமுறிவு என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ‘டிட்ன்ட் நோ’வின் காலத்துக்கு இசைந்து வந்த ‘வேர்’ அது.

அறுகம்பையில் சுற்றுலாப் பயணிகளோடு பேசும் இளைஞர்களின் காதில் ஒரு கேள்வி அடிக்கடி விழுந்திருக்கும்: “வட் டிட் யூ சே யோர் நேம் வொஸ்?” பெயர் என்ன நேற்றோடு முடிந்துபோனதா என்று திகைக்கவேண்டாம். நீங்கள் முதலில் சொன்னபோது பயணிக்குச் சரியாக விளங்கவில்லை, மரியாதையாக மறுபடி கேட்கிறார். பதிலில் ‘வொஸ்’ போடாதீர்கள். “மை நேம் இஸ்” என்றே தொடங்குங்கள்.

அலுவலகக் கூட்ட அறிக்கை எழுதுகிறேன். அங்கே எதைக் கடைப்பிடிப்பது?

கூட்ட அறிக்கையில் தயவுதாட்சண்யம் இல்லாமல் பின்னே தள்ளுங்கள். அதை யார் எப்போது வாசிப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதக் கூட்டத்திலும் வாசிப்பார்கள், மூன்று வருடம் கழித்துக் கணக்காய்வுக்கு வருகிறவரும் வாசிப்பார். “த செக்ரட்டரி செட் தட் த ஃபண்ட்ஸ் ஹாட் பீன் ரிலீஸ்ட் அண்ட் தட் வேர்க் வூட் பிகின் இன் ஜனவரி” என்பது எந்த நாளில் வாசித்தாலும் பொருள் மாறாது. ‘வில் பிகின்’ என்று விட்டால், மார்ச்சில் வாசிப்பவர் இன்னும் தொடங்கவில்லையா என்று கேட்பார். ‘டுமொரோ’, ‘நெக்ஸ்ட் வீக்’ போன்றவற்றை ‘த நெக்ஸ்ட் டே’ என்று மாற்றுவதைவிடத் திகதியையே எழுதிவிடுவது மேல்.

ஒவ்வொரு வரியிலும் ‘செட் தட்’ வருகிறதே என்று வெட்கப்படவேண்டாம். அலங்காரத்துக்காக வினையை மாற்றப்போய் இலக்கணத்தை உடைப்பவர்களே அதிகம். மாற்றத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு வினையும் தனக்குப் பின்னே என்ன கேட்கிறது என்று பாருங்கள். ‘ப்ரொமிஸ்ட்’, ‘ரிஃப்யூஸ்ட்’, ‘அக்ரீட்’ ஆகியவை ‘டு’ ஏற்கும். ‘டினைட்’ ‘இங்’ வடிவத்தை ஏற்கும்: “ஹீ டினைட் டேக்கிங் த மணி.” ‘சஜெஸ்டட்’ ஒருபோதும் ‘டு கோ’ ஏற்காது, “சஜெஸ்டட் கோயிங்” அல்லது “சஜெஸ்டட் தட் வீ கோ.” ‘டிஸ்கஸ்ட்’ என்பதற்குப் பின்னால் ‘அபௌட்’ வராது. கிழக்கு மாகாணத்தில் எழுதப்படும் அறிக்கைகளில் அந்த ‘அபௌட்’டை மட்டும் எடுத்துவிட்டால் கணிசமான மை மிச்சமாகும்.

“எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜோய்” என்று எழுதக் கற்றுத்தருகிறார்களே, அது தேவையா?

‘ஹுரே’, ‘அலாஸ்’ என்று தொடங்கும் வாக்கியங்களை “மகிழ்ச்சியோடு கூவினார்”, “துக்கத்தோடு கூவினார்” என்ற அச்சில் வார்ப்பது பழைய பாடப்புத்தகங்களின் சொத்து. இன்று யாரும் ‘அலாஸ்’ என்று அழுவதில்லை. பரீட்சையில் கேட்டால் எழுதிக்கொடுங்கள், வெளியே வந்ததும் மறந்துவிடுங்கள். “வட் எ பியூட்டிஃபுல் லகூன்!” என்று ஒருவர் வியந்ததை “ஹீ செட் வட் எ பியூட்டிஃபுல் லகூன் இட் வொஸ்” என்று சொன்னாலே போதும்.

பயிற்சிக்கு ஓர் உரையாடல் தரமுடியுமா?

கமநல சேவை நிலையத்தில் நடக்கும் பேச்சு இது. உத்தியோகத்தர்: “ஹாவ் யூ ஃபில்ட் இன் த ஃபோம்?” விவசாயி: “ஐ ஃபில்ட் இட் இன் லாஸ்ட் வீக். வென் வில் த ஃபேர்ட்டிலைசர் கம்?” உத்தியோகத்தர்: “இட் மே கம் டுமொரோ. டோன்ட் கோ ஹோம் விதவுட் த ரிசீட்.”

ஒரு மாதம் கழித்து நீங்கள் இதை எழுதுவதாக வைத்துக்கொண்டு, கீழே பார்க்காமல் முதலில் நீங்களே முயன்று பாருங்கள்.

“தி ஒஃபிசர் ஆஸ்க்ட் த ஃபாமர் இஃப் ஹீ ஹாட் ஃபில்ட் இன் த ஃபோம். த ஃபாமர் செட் தட் ஹீ ஹாட் ஃபில்ட் இட் இன் த வீக் பிஃபோர் அண்ட் ஆஸ்க்ட் வென் த ஃபேர்ட்டிலைசர் வூட் கம். தி ஒஃபிசர் செட் தட் இட் மைட் கம் த நெக்ஸ்ட் டே அண்ட் டோல்ட் ஹிம் நொட் டு கோ ஹோம் விதவுட் த ரிசீட்.”

அந்த விவசாயியே அன்று மாலை வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் சொல்வதாக இருந்தால், ‘மே கம் டுமொரோ’ என்பதை அப்படியே விடலாம். உரம் இன்னும் வரவில்லை, நாளையும் இன்னும் விடியவில்லை.